கூரியரில் வரும் ரம்பம்

பெட்ரோலில் ஓடும் மர ரம்பத்தைக் கண்டால் ஊர் தானாகவே ஒதுங்கும். கயிற்றைச் சுண்டி இழுத்து, நாலைந்து தடவை இருமி, புகை கக்கிக்கொண்டு அது உறும ஆரம்பித்ததும் வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள்கூட வரப்பைத் தாண்டிப் போய் நின்றுகொள்வார்கள். மின் ரம்பத்துக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. பிளக்கைச் சொருகி விசையை அமுக்கினால் ஓடும், விட்டால் அடங்கும். சமையலறை மிக்ஸியைப் போல அதுவும் ஒரு வீட்டுச் சாமானாகத் தெரிகிறது. விலையும் அதற்கேற்றபடிதான். ஆறேழாயிரம் ரூபாய் கொடுத்தால் 16 அங்குல பிளேடும் 2,000 வாட் மோட்டாருமாகச் சில நாட்களில் வந்துவிடும். கூரியர்காரர் கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சங்கராபுரம் கடைத்தெருவில் நின்றபடி போன் போட்டு, பெயர் கேட்டு, பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்.

பெட்டிக்குள் ஒரு கையேடு இருக்கும். ஆங்கிலத்தில் இருக்கும், அல்லது ஆங்கிலம் மாதிரி ஏதோ ஒன்றில் இருக்கும். தமிழில் ஒன்று நான் இதுவரை பார்த்ததில்லை.

சங்கராபுரம் வட்டாரத்தில் மரம் வெட்டும் வேலைக்குப் பருவம் என்று ஒன்று கிடையாது. தைலமரத் தோப்பு, சவுக்கு, ஏரிக்கரை வேலிக்காத்தான், வீடு கட்டுவதற்காகப் போகிற வேம்பு, காய்ப்பு நின்றுபோன மா, வீட்டுக் கூரைமேல் சாய்ந்துவிட்ட முருங்கை என்று ஆண்டு முழுக்க ஏதோ ஒன்று விழுந்துகொண்டே இருக்கும். மேற்கே நிற்கும் கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு மரம் தெரிந்த அளவுக்கு நமக்குத் தெரியாது. எந்த மரம் எந்தப் பக்கம் வாட்டம், எந்தக் கிளை காற்றுக்குத் திரும்பும், எங்கே போட்டால் கோடாலி சிக்கும் என்பதை அங்கே பிள்ளைகள் அப்பன் பின்னால் நடந்து நடந்தே கற்றுக்கொண்டார்கள். அந்தத் திறமைக்கு வெளியுலகம் வைத்த விலை என்ன என்பதும் நமக்குத் தெரியும். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 பேரும் தமிழ்நாட்டிலிருந்து செம்மரம் வெட்டக் கூட்டிப்போகப்பட்ட ஏழைகள். திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்து மலைக்காரர்கள் பலர் அதில் இருந்தார்கள். செம்மரக் கடத்தல்காரனுக்கு மட்டும் தெரிந்திருந்தது, இந்த மலைகளின் கோடாலிக் கைக்கு என்ன மதிப்பு என்று. அந்தக் கையை வைத்து நேர்மையாகப் பிழைக்க ஒரு சான்றிதழ் கொடுக்க அரசுக்குத் தோன்றவில்லை.

கோடாலி கைக்குப் பழக வருஷங்கள் ஆகும். அந்த வருஷங்களில் மரத்தைப் பற்றிய பயமும் சேர்ந்து பழகும். மின் ரம்பம் இந்த இரண்டையும் தாண்டி நேராக வந்துவிட்டது. கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் ஒரு கருவி வந்து சேர்வதுதான் இங்கே ஆபத்து. விற்பவர், வாடகைக்கு விடுபவர், வேலைக்குக் கூப்பிடுபவர், அரசு என நான்கு பேரும் கைகழுவிவிட்டு நிற்கிறார்கள். விபத்து நடந்தால் மறுநாள் செய்தியில் ‘கவனக்குறைவு’ என்ற ஒரே வார்த்தை வெட்டியவன் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அந்த வார்த்தையை நான் ஒப்புக்கொள்வதாக இல்லை.

கருவியையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 16 அங்குல பிளேடைச் சுற்றி ஓடும் சங்கிலியின் நீளம் ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும். அதில் வெட்டும் பற்கள் இருபத்தெட்டு வாக்கில் இருக்கும். நடுத்தர மின் ரம்பத்தில் அந்தச் சங்கிலி விநாடிக்கு 12 முதல் 15 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நீங்கள் ‘அம்மா’ என்று சொல்லி முடிப்பதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட பற்கள் ஒரே இடத்தைக் கடந்துவிடும். கத்தி வெட்டினால் சதை இரண்டாகப் பிரியும். தையல் போட்டுச் சேர்க்கலாம். இந்தச் சங்கிலி ஆறேழு மில்லிமீட்டர் அகலத்துக்குச் சதையையும் எலும்பையும் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. சேர்ப்பதற்கு அங்கே ஒன்றும் மிச்சம் இருக்காது. பெட்ரோல் ரம்பத்தைவிட இதற்கு வேகம் குறைவுதான். குறைவான வேகமே இப்படி.

அடுத்தது உதை. மிஷின் பிடித்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். ஏன் உதைக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பிளேடின் மூக்கு இருக்கிறதல்லவா, அதன் மேல்பாதிதான் எமன். பிளேடின் அடிப்பக்கத்தால் அறுக்கும்போது சங்கிலி மிஷினை மரத்தை நோக்கி இழுக்கும். மேல்பக்கத்தால் அறுத்தால் நம்மை நோக்கித் தள்ளும். மூக்கின் மேல்பாதி எதன் மீதாவது, பின்னால் மறைந்திருக்கும் ஒரு கிளை மீதோ அடுத்த கட்டை மீதோ உரசினால், பல் அங்கே மாட்டிக்கொள்ளும். மோட்டாரின் சக்தி முழுவதும் பிளேடைச் செங்குத்தாக மேலே தூக்கி, பிடித்திருப்பவரின் முகத்துக்கும் கழுத்துக்கும் கொண்டுவரும். இது நடக்கக் கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது. மனிதன் யோசித்துக் கையை விலக்கும் வேகம் இதற்கு ஈடாகாது. அதனால்தான் 1970களின் தொடக்கத்தில் சங்கிலி பிரேக் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முன்கைப்பிடிக்கு எதிரே நிமிர்ந்து நிற்கும் அந்தப் பிளாஸ்டிக் தகடு அழகுக்கு வைத்ததில்லை. மிஷின் எகிறும்போது மணிக்கட்டு அதில் பட்டால் சங்கிலி அப்படியே நின்றுவிடும். ‘இடைஞ்சலா இருக்கு’ என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேலை செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். விசைக்குப் பக்கத்தில் இருக்கும் பாதுகாப்புப் பொத்தானை இன்சுலேஷன் டேப் சுற்றி நிரந்தரமாக அமுக்கி வைப்பவர்களும் உண்டு.

பிரேக் வேலை செய்ய வேண்டுமானால் இடது கை முன்கைப்பிடியில் இருந்தாக வேண்டும், கட்டை விரல் கைப்பிடியைச் சுற்றி அடியில் வந்திருக்க வேண்டும். ஒற்றைக் கையால் மிஷினைத் தூக்கி இன்னொரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு அறுப்பவனை எந்த பிரேக்கும் காப்பாற்றாது. ஏணிமேல் நின்று அறுப்பவனையும் அப்படித்தான். தோளுக்கு மேலே தூக்கி அறுக்கக் கூடாது என்பது உலகம் முழுக்க இந்தத் தொழிலின் முதல் பாடம். நம் ஊரில் முருங்கைக் கிளை, வேப்பங்கிளை அறுப்பதெல்லாம் ஏணியில் ஒரு கால், மதில்மேல் ஒரு காலுமாகத்தான் நடக்கிறது.

இதுவரை சொன்னது எல்லா ரம்பத்துக்கும் பொது. மின் ரம்பத்துக்கென்று தனியாக ஒரு ஆபத்து உண்டு. அது ஒயர் வழியாக வருகிறது.

சங்கராபுரம் பக்கத்தில் ஒரு மோட்டார் கொட்டகை. ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி ஒரு வேம்பு. கொட்டகைக்குள் பிளக் பாயிண்ட் கிடையாது. பம்புசெட் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து ஒரு பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கம்பி எடுத்து, ஒரு பழைய மரப்பலகையில் ஆணியடித்த சாக்கெட்டுக்குக் கொடுத்திருந்தார்கள். சாக்கெட்டில் பிளக் இல்லை. உரித்த செம்புக் கம்பியின் இரண்டு முனைகளைத் துளைகளில் விட்டு, நழுவாமல் இருக்கத் தீக்குச்சிகளைச் சொருகியிருந்தார்கள். அதிலிருந்து மரம் வரைக்கும் போன ஒயர் கல்யாண வீட்டுச் சீரியல் விளக்குக்குப் போடுகிற மெல்லிசு. நடுவில் இரண்டு ஒட்டு. அதில் ஒன்று ஈர வரப்பின் மேல் கிடந்தது. “தம்பி, ஒட்டு தண்ணியில கெடக்குதே” என்றேன். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணே, டேப் சுத்தியிருக்கு” என்றான் பையன். காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் மடித்துக் கட்டிய லுங்கி.

2,000 வாட் மிஷின் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அந்த மெல்லிசு ஒயர் அத்தனை தூரத்துக்கு அதைத் தாங்காது. ஒயர் சூடேறும், வழியிலேயே வோல்டேஜ் இறங்கும். ஏற்கெனவே கிராமத்து லைனில் மாலை நேரத்தில் வோல்டேஜ் எவ்வளவு என்பது வீட்டு ஃபேனைப் பார்த்தாலே தெரியும். வோல்டேஜ் குறைந்தால் சங்கிலி திணறும். திணறினால் அறுப்பவர் உடம்பு பலத்தைப் போட்டு அமுக்குவார். அமுக்கும்போது கட்டை திடீரென்று அறுந்தால் மிஷின் எகிறும், அல்லது நேராகத் தொடைக்கு இறங்கும். ஒயரில் பிடித்த சிக்கனம் காலில் வந்து முடிகிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி உள்ள, மேலே ரப்பர் உறை போட்ட ஒரே நீள ஒயர், 15 ஆம்பியர் பிளக், அதற்கு முன்னால் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. கருவி ஒன்று. கேட்க வேண்டியது இவ்வளவுதான். மூன்றையும் சேர்த்து வாங்கினால் மிஷின் விலைக்கு நிகராகக்கூட ஆகலாம். அதனால்தான் யாரும் வாங்குவதில்லை.

மிஷினின் பெயர்த்தகட்டில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் அச்சடித்திருக்கும். இரட்டைக் காப்பு என்று அதற்கு அர்த்தம். எர்த் கம்பி இல்லாமலே பாதுகாப்பாக இருக்கும்படி உள்ளே இரண்டு அடுக்காக மறைத்திருக்கிறார்கள். ஆனால் தண்ணீர் உள்ளே போய்விட்டால் அந்த இரண்டு அடுக்கும் வீண். மழையில், பனி சொட்டும் விடியலில், பால் வழியும் பச்சை வாழைக்கும் பலாவுக்கும் நடுவில் மின் ரம்பத்தை ஓட்டுவது தற்கொலைக்குச் சமம். ஒயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளாமல் முன்னால் கிடக்கவிட்டு, தானே தன் ஒயரை அறுத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். சங்கிலி, பிளேடு எல்லாமே இரும்பு என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைப்பதில்லை.

பேட்டரி ரம்பம் வந்துவிட்டதே, ஒயர் தொல்லை தீர்ந்ததே என்பார்கள். ஒயர் தொல்லை தீர்ந்தது நிஜம். ஆனால் பெட்ரோல் ரம்பம் அறுக்காதபோதும் உறுமிக்கொண்டு ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்லும். பேட்டரி மிஷின் ஊமையாகக் கிடக்கும். விசையில் விரல் பட்டால் முழு வேகத்தில் எழும். சங்கிலி தளர்ந்துவிட்டது, இறுக்க வேண்டும் என்று வெறும் கையால் சங்கிலியைப் பிடிக்கும்போது பேட்டரியைக் கழற்றி வைக்கிறவர் நூற்றில் எத்தனை பேர்? ஒயர் மிஷினில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சங்கிலியைத் தொடுகிறவர் எத்தனை பேர்?

இதையெல்லாம்விட என்னைக் கலங்கடிப்பது இன்னொன்று. டைல்ஸ் வெட்ட, இரும்பு தேய்க்க வைத்திருக்கும் 4 அங்குல ஆங்கிள் கிரைண்டருக்கு மாட்டுகிற ரம்பச் சங்கிலி ‘செட்’ இணையத்தில் அமோகமாக விற்கிறது. கிரைண்டர் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று வரை சுற்றும். அதன் விசையை முன்னால் தள்ளினால் அப்படியே பூட்டிக்கொள்ளும். கையை விட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். சங்கிலி பிரேக் கிடையாது. பின்கைப்பிடி கிடையாது. கைக்கும் சங்கிலிக்கும் நடுவில் சரியான தடுப்பும் கிடையாது. ஒரு ரம்பத்தைப் பத்திரமாக்க ஐம்பது அறுபது ஆண்டுகளாகச் சேர்த்த எல்லாவற்றையும் கழற்றிப்போட்டுவிட்டு, வெட்டும் பல்லை மட்டும் வைத்துக்கொண்ட சாமான் அது. இதைப் பயன்படுத்துவது எப்படி என்று யாராவது என்னிடம் கேட்டால், பயன்படுத்தாதீர்கள் என்பதுதான் என் பதில். விற்பனையையே தடை செய்ய வேண்டும். அதற்கு முன்மாதிரி இருக்கிறது. புல்வெட்டும் மிஷினில் உலோகக் கண்ணிகள் மாட்டும் துணைச் சாமான்களை 2012 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் சந்தையிலிருந்து தடுத்தது. ஒரு கண்ணி பறந்துபோய் ஒருவர் செத்தார் என்பதுதான் காரணம். நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் தரமுத்திரை இல்லாத பிரஷர் குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காகப் பெரிய இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அபராதம் போட்டது. குக்கருக்குக் காட்டிய கண்டிப்பை இந்தச் சங்கிலிக்கும் காட்டட்டும்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், போதிய எச்சரிக்கையும் பயன்படுத்தும் முறையும் சொல்லாமல் ஒரு பொருளை விற்று அதனால் தீங்கு நேர்ந்தால் அதைச் செய்தவரும் விற்றவரும் பொறுப்பாக வேண்டிவரும் என்கிறது. கல்வராயன் மலை இளைஞனுக்கு ஆங்கிலக் கையேடு எப்படிப் ‘போதிய எச்சரிக்கை’ ஆகும்? தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு ரம்பத்தோடும் தமிழில், படத்தோடு நாலு பக்கம் வைக்கச் சொல்ல இந்த ஒரு கேள்வி போதும்.

உடுப்பு விஷயத்துக்கு வருவோம். லுங்கியும் தோள் துண்டும் இந்த வேலைக்கு ஆகாது. துண்டின் நுனி சங்கிலியில் பட்டால் கழுத்தோடு இழுக்கும். முழுக்கால் பேன்ட், இறுக்கமான சட்டை, முன்பக்கம் இரும்பு வைத்த ஷூ, தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பு எனப் பட்டியல் நீளும். ரம்பக்காரர்களுக்கென்று தொடைக்கவசம் ஒன்று வெளிநாட்டில் உண்டு. அதனுள்ளே இருக்கும் நீள நார்கள் சங்கிலியில் சுற்றிக்கொண்டு பெட்ரோல் மிஷினைத் திணறடித்து நிறுத்தும். ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: மின் மோட்டாருக்குத் தொடக்கத்திலிருந்தே முறுக்கு பலம் அதிகம், நார் சுற்றினாலும் இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். பெட்ரோல் ரம்பத்தை நிறுத்தும் கவசம் மின் ரம்பத்தையும் கட்டாயம் நிறுத்தும் என்று நம்ப முடியாது. ஆக, ‘சின்ன மிஷின்தானே’ என்று எடுத்துக்கொண்டவன் இந்த ஒரு விஷயத்தில் பெரிய மிஷின்காரனைவிடக் காப்பு குறைந்தவன்.

மரத்தின் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். நிற்கும் மரத்தைவிட விழுந்த மரம் சாது என்று நினைப்பது பெரிய தப்பு. 2011இன் கடைசியில் தானே, 2018இல் கஜா, 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு கரை கடந்த ஃபெஞ்சல் என ஒவ்வொரு புயலுக்குப் பின்னாலும் தெருவை அடைத்துக் கிடந்த மரங்களை அறுக்கப் பழகாத கைகள்தான் முதலில் மிஷின் எடுக்கின்றன. ஃபெஞ்சல் கொட்டிய மழையில் நம் மாவட்டமும் தப்பவில்லை. சாய்ந்து கிடக்கும் மரத்தின் கிளைகள் வில்லாக வளைந்து நிற்கும். வளைவின் உட்புறம் நெருக்கத்தில் இருக்கும், வெளிப்புறம் இழுவையில் இருக்கும். இழுவைப் பக்கம் முதலில் கை வைத்தால் கிளை சாட்டையாகத் திரும்பி மார்பில் அடிக்கும். உட்புறத்தில் லேசாக ஒரு கீறல் போட்டு, பிறகு வெளிப்புறத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்க வேண்டும். இரண்டு முனையும் மேட்டில், நடு அந்தரத்தில் கிடக்கும் கட்டையை மேலேயிருந்து அறுத்தால் வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கடித்துக்கொள்ளும். ஒரு முனை மட்டும் தாங்கலில் இருந்தால் கதை தலைகீழ். வேலிக்காத்தானில் இது இன்னும் மோசம். ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் கிளைகளில் எது எதை இழுக்கிறது என்று தெரியாது.

நிற்கும் மரத்துக்குப் பழைய ஆட்கள் முதலில் ஒரு சுற்று சுற்றி வந்து அண்ணாந்து பார்ப்பார்கள். வாட்டம் பார்த்து, விழும் பக்கம் குறுக்களவில் நாலில் ஒரு பங்குக்கு வாய் போட்டு, எதிர்ப்பக்கம் சற்று மேலே பின்வெட்டுப் போட்டு, நடுவில் பத்தில் ஒரு பங்கு மரத்தைக் கீல் மாதிரி விட்டுவைப்பார்கள். கீல் இருக்கும் வரைக்கும் மரம் சொன்ன பக்கம் போகும். மிஷினின் வேகத்தில் அந்தக் கீலையும் சேர்த்து அறுத்துவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்குப் போகும். வாட்டம் அதிகமாக இருக்கும் தைலமரத்தை வாய் போடாமல் பின்னாலிருந்து அறுத்தால் அடிமரம் நெட்டுக்குப் பிளந்து எழுந்து, அறுப்பவன் முகத்தில் மோதும். மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது, பின்னால் குறுக்காக ஓடிவிட வழி இருக்க வேண்டும். கோடாலிக்காரனுக்கு இதெல்லாம் மனப்பாடம். மிஷின் வந்தவுடன் அவனை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, மிஷின் ஓட்டத் தெரிந்த பையனை முன்னால் விட்டதுதான் நாம் செய்த காரியம். இரண்டு பேரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. குடித்துவிட்டு இந்த வேலைக்கு வரக் கூடாது என்பதை, 2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயச் சாவுகளைப் பார்த்த மாவட்டத்துக்கு நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

மின்கம்பியின் மேல் சாய்ந்திருக்கும் மரத்தை மட்டும் தொடவே கூடாது. ‘கரண்ட் இல்லை’ என்பது நம்பத்தக்க தகவல் அல்ல. பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரிலிருந்தோ ஜெனரேட்டரிலிருந்தோ திரும்பி வரலாம். மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண் 94987 94987. லைன்மேன் வந்து, ஆஃப் செய்து, எர்த் போட்டு, அவர் வாயால் ‘அறுக்கலாம்’ என்று சொல்லும் வரை மிஷின் பெட்டிக்குள் இருக்கட்டும்.

சிறுவங்கூரில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2022 முதல் இருக்கிறது என்பது பெரிய ஆறுதல். ஆனால் வெள்ளிமலையில் தொடை கிழிந்தவர் கச்சிராயபாளையம் வழியாக மலையிறங்கி அங்கே சேர்வதற்குள் ரத்தம் காத்திருக்காது. 108ஐ அழைத்துவிட்டு, சுத்தமான துணியை வைத்துக் கையால் பலமாக அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மஞ்சள்தூளோ காப்பித்தூளோ போடக் கூடாது. அப்படியும் கட்டுக்கடங்காமல் பீறிட்டால் காயத்துக்கு மேலே அகலமான துணிப்பட்டையால் இறுகக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். விரல் துண்டானால் அதை ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து எடுத்துப்போக வேண்டும். விரல் நேராக ஐஸில் படக் கூடாது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைச் சிகிச்சைத் துறை, ஆலையிலும் வயலிலும் கை போனவர்களுக்காகவே உழைத்துப் பெயரெடுத்தது. அவர்கள் கையிலும் ஒன்றும் இல்லாதபடி சதையை இந்தச் சங்கிலி தின்றுவிடுகிறது என்பதுதான் துயரம்.

சாலையில் அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பர் முதல் உண்டு. மரம் அறுக்கையில் அடிபட்டவனுக்கு அப்படி ஒரு கை நீளவில்லை. 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் நல வாரியங்கள் இருக்கின்றன. தினக்கூலிக்கு ரம்பம் பிடிப்பவர்கள் கையில் அந்த வாரிய அட்டையை நான் அதிகம் கண்டதில்லை.

மற்ற நாடுகள் என்ன செய்தன? பிரிட்டனில் 1998ஆம் ஆண்டு விதிகளின்படி கூலிக்கு மரத்தில் ரம்பம் வைப்பவர் பயிற்சி பெற்றுத் தகுதிச் சான்று வைத்திருக்க வேண்டும். பிலிப்பைன்ஸ் 2002இல் ரம்பத்துக்கென்றே தனிச் சட்டம் போட்டு, வைத்திருப்பவரைப் பதிவு செய்யச் சொன்னது. இலங்கையில் 2019இல் காவல் நிலையத்தில் பதிவு செய்ய ஆணையிட்டார்கள். பின்னிரண்டும் காட்டைக் காக்கப் போட்டவை. நல்லதுதான். மரத்தைக் காக்கப் பதிவேடு திறக்கத் தெரிந்த அரசுகளுக்கு, அதே பதிவேட்டில் பயிற்சி பெற்றாரா என்று இன்னொரு கட்டம் போட என்ன தடை? பிரிட்டனைப் போல ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் சான்றிதழ் நமக்கு வேண்டாம். அது இன்னொரு புரோக்கர் கூட்டத்தை உருவாக்கிவிடும்.

2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 விழுக்காட்டுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறது. பட்டா நிலத்தில் தேக்கும் மகோகனியும் சவுக்கும் நடக் கன்று கொடுக்கிறார்கள். அந்த மரங்கள் எல்லாம் ஒரு நாள் அறுக்கப்படத்தான் நடப்படுகின்றன. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிற்பியின் கைக்கு வரும் கட்டையும் யாரோ ஒருவர் அறுத்துக் கொடுத்ததுதான். கன்றுக்குப் பணம் ஒதுக்கும் அரசு, அறுப்பவனுக்கு இரண்டு நாள் பாடத்துக்கு ஒதுக்கக் கூடாதா? மலையின் சேலம் பக்கம் கருமந்துறையில் பழங்குடியினருக்கான அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. சமவெளியிலும் ஐ.டி.ஐ.க்கள் இருக்கின்றன. தீயணைப்புத் துறையினருக்கு ரம்பம் பிடிக்கத் தெரியும், மின்வாரியத்தாருக்கு ஒயர் தெரியும், வனத்துறைக்கு மரம் தெரியும், மலையின் பழைய கோடாலிக்காரருக்கு வாட்டம் தெரியும். நான்கு பேரையும் ஒரு தோப்பில் நிறுத்தினால் பாடம் தயார். கோடாலிக்காரருக்கும் ஆசிரியர் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. படித்து முடித்தவர் கையில் ஓர் அட்டை, நல வாரியத்தில் ஒரு பதிவு. வாடகைக்கு மிஷின் விடும் கடை, தலைக்கவசமும் கண்ணாடியும் நல்ல ஒயரும் சேர்த்துத்தான் விட வேண்டும் என்று ஊராட்சியோ பேரூராட்சியோ உரிமம் கொடுக்கும்போது ஒரு வரி எழுதட்டும்.

அரசு செய்கிறபோது செய்யட்டும். அதுவரை, வீட்டு மரத்தை அறுக்க ஆள் கூப்பிடும் நீங்களும் நானும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ‘எவ்வளவு கேக்குற?’ என்று பேரம் பேசுவதற்கு முன்னால் மிஷினின் முன்தகடு இருக்கிறதா, ஒயரில் ஒட்டு இருக்கிறதா, காலில் என்ன போட்டிருக்கிறார், கூட வந்திருப்பவர் பதினெட்டு தாண்டியவரா என்று பாருங்கள். லுங்கியும் ரப்பர் செருப்புமாகக் கிரைண்டர் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால், காப்பி கொடுத்து, பாதிக் கூலியும் கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள். மரம் இன்னும் ஒரு வாரம் நிற்கட்டும்.